தடுப்பூசியும் இல்லறத்தார் அஹிம்சையும்

வெக்கை நோய் என்னும் பெயரை இன்றைய இளைஞர் கேட்டிருக்கமாட்டார்கள். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் ஏர் பூட்டி வாழ்ந்த நம் முன்னோரை அப்பெயரே நடுங்கச் செய்தது. நோய் புகுந்தால் சில நாள்களில் தொழுவம் வெறுமையாகும். இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில்தான். 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் அந்நோய் நீங்கியவை என அறிவிக்கப்பட்டன. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து, தடுப்பூசியால் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட நோய் இது.

இவ்வெற்றிக்காக உயிர் நீத்தவை ஆடுகள். 1920-களில் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர், நோய்க் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றிச் செலுத்தி, மாட்டைக் கொல்லும் அதன் வீரியத்தைத் தணித்தார். அவ்வாறு நோயேற்றிய ஆடுகளின் மண்ணீரலிலிருந்தே பின்னர்த் தடுப்பூசி செய்யப்பட்டது. கென்யாவில் பிளௌரைட் என்பவர் கன்றின் சிறுநீரக உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவற்றில் கிருமியைப் பழக்கிய பின்னரே ஆட்டின் தேவை நீங்கலாயிற்று.

இதை எவ்வகை இம்சையில் சேர்ப்பது? நம் ஆசாரியர்கள் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பிரித்து, இல்லறத்தார் முற்றும் நீக்கவேண்டியது சங்கல்ப இம்சை என்றனர். தடுப்பூசித் தொழிலை உத்தியோக இம்சையில் அடக்குவோர் உண்டு. நமக்கு அது முழுதும் உடன்பாடன்று. ஓர் ஆட்டைத் தெரிந்தெடுத்து, நோயேற்றி, கொல்வதில் சங்கல்பத்தின் சாயல் இருக்கத்தான் செய்கிறது. (வைரஸ் உயிரா, சடமா என்னும் வழக்கை இங்கே எடுக்கவேண்டா. ஆடு ஐயறிவுயிர் என்பதில் ஐயமில்லையே.)

தேங்காய்த்திட்டில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகள் கால்நடை மருத்துவம் பயின்று வைரஸ் ஆய்வில் ஈடுபட விரும்புகிறாள். தந்தை தடுக்கிறார். "அந்தப் பாவத்தை வேறு யாராவது செய்யட்டுமே, அம்மா!" என்றார். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியிலும் வினை சேரும் என்று படித்தவர்தாம் அவர். அவர் இல்லத்தில் காலையும் மாலையும் பால் காய்கிறது. அந்தப் பசு தடுப்பூசி பெற்ற பசு.

அவரிடம் நாம் எடுத்துரைத்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலா அம்மையாரின் ஆய்வு வாழ்க்கையை. 1987-இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகளுக்கு நோய் கண்டது. அது வெக்கை நோயன்று, அதற்கு நெருங்கிய உறவான ஆட்டுக்கொல்லி நோய் என்று, இந்தியாவில் முதன்முறையாக அவரும் உடனாய்வாளரும் 1989-இல் நிறுவினர். அந்த அரசூர்க் கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. அதற்கு ஆட்டின் மண்ணீரல் தேவைப்படவில்லை. 1962-இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களின் வழிமுறையே இன்றுவரை கலங்களில் பெருகிவருகிறது. அந்த ஒரு குரங்கின் கணக்கு தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. அவ்வுயிரணுக்களை வளர்க்கும் ஊட்டநீரில் கன்றின் குருதிநீரைச் சேர்ப்பதும் வழக்கமே.

ஷைலா அம்மையார் குழுவினர் அதற்கு அப்பாலும் சென்றனர். வெக்கை நோய்க் கிருமியின் ஒரு புரதத்தை நிலக்கடலைச் செடியிலேயே விளைவித்தனர், நம் மல்லாட்டைதான்! அச்செடியை வாய்வழி உட்கொண்ட மாடுகளின் குருதியில் நோயெதிர்ப்பு தோன்றியதை 2003-இல் வெளியிட்டனர். நாட்டைவிட்டு அந்நோய் அதற்குள் நீங்கிவிட்டமையால் அது பயனுக்கு வரவில்லை. எனினும் ஐயறிவுயிரை விட்டு ஓரறிவுயிரை நாடியது சிறு செய்தியன்று. ஆய்வுக்கூடத்தின் உள்ளே இருந்தவர்களே அவ்வழியைத் தேடினர். வாயிலில் நின்று முகஞ்சுளித்தவர்களால் அது நேர்ந்ததன்று.

இம்சைக்கு மூலம் அசாவதானம் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். விழிப்போடிருப்பவர் அங்கே வேண்டும். ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் உலகினின்று நீக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். மாட்டுக்காக மடிந்த ஆட்டினத்துக்கு அதன் சொந்த நோய் இன்னும் தீரவில்லை.

ஆகவே மகள் சேரட்டும் என்றோம். ஆய்வுக்கூடத்தில் ஓருயிர் மடியுமாயின், அதற்குப் புண்ணியம் என்று பெயரிடாமல், அன்றைய பிரதிக்கிரமணத்தில் அதையும் அவள் சொல்லவேண்டும் என்றோம். தாயார் ஒப்பினார். தந்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.