பார்த்தேன் என்று ஒரு டிக்

அக்கா மகள் எனக்கு போன் செய்தால் பெரும்பாலும் இரண்டே விஷயம்தான். ஒன்று, அம்மா திட்டிவிட்டாள். இரண்டு, அம்மா திட்டப்போகிறாள், அதற்குள் நான் சிபாரிசுக்கு வர வேண்டும். 2021 ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி பத்து மணிக்கு அவள் கூப்பிட்டபோது மூன்றாவதாக ஒன்று இருந்தது.

‘‘மாமா, எழுதினதுல ஒரு வார்த்தையை மாத்தச் சொல்றாங்க. மாத்தினா தப்பா?’’

என்ன வார்த்தை என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் முன்கதை.

அவள் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். கல்லூரியில் ஒரு மாதம் எங்காவது இன்டெர்ன்ஷிப் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அலைந்து திரிந்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இடம் பிடித்தாள். அதற்குள் கொரோனா இரண்டாம் அலை வந்துவிட்டது. ‘ஆபீஸுக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே செய்’ என்றார்கள். இதற்குப் பெயர் விர்ச்சுவல் இன்டெர்ன்ஷிப். லேப்டாப் எங்கே இருக்கிறதோ அதுதான் ஆபீஸ். இவளுடைய ஆபீஸ், என் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவில் இருந்தது. முதல் நாள் மீட்டிங்கில் ‘மியூட்’ போட மறந்து, குக்கர் விசில் மூன்றும் ஆபீஸ் முழுக்கக் கேட்டதாம்.

காலை பத்து மணிக்கு வீடியோவில் அட்டெண்டன்ஸ். பிறகு ஸ்கேன் செய்த பில்கள் வந்து விழும். பில்லையும் லெட்ஜரையும் ஒப்பிட்டு, சரியாக இருந்தால் எக்செல்லில் ஒரு டிக். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. மூன்றாவது வாரம், ஒரு பெயின்ட் மொத்த வியாபாரியின் மார்ச் 31 சரக்கு இருப்பைச் சரிபார்க்கச் சொன்னார்கள். கோடவுன் மாதவரம் பக்கம். அங்கே வேலை பார்ப்பவர் செல்போனைக் கையில் பிடித்தபடி நடக்க, இவள் வீட்டிலிருந்து டப்பாக்களை எண்ணினாள்.

முன் வரிசை தெரிந்தது. பின் வரிசை தெரியவில்லை. ‘‘அண்ணா, பின்னாடி காட்டுங்க’’ என்றாள். ‘‘அங்கே லைட் இல்லைம்மா, டவரும் கிடைக்காது’’ என்றார் அவர். ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். தூக்கினார். கனமாகத்தான் தூக்கினார். நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

கடைசியில் ஒரு படிவம். ‘சரக்கு நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே டிக் போட்டு, பெயரையும் போட வேண்டும். இவள் ‘நேரில் பார்த்து’ என்பதை எடுத்துவிட்டு, ‘வீடியோ அழைப்பில், கோடவுன் ஊழியர் காட்டிய அளவுக்கு’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். சீனியருக்குக் கோபம். ‘‘எல்லாரும் அப்படித்தான் டிக் பண்றோம். ஃபார்மட்டை மாத்த உன்னை யார் சொன்னது? பழையபடி போட்டு அனுப்பு’’ என்றிருக்கிறார். சர்ட்டிஃபிகேட் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

நான் யோசிக்கவே இல்லை. ‘‘மாத்திடும்மா. சின்ன விஷயம். சர்ட்டிஃபிகேட்தான் முக்கியம்’’ என்றேன். யோசிக்காமல் பதில் சொல்வதைத்தான் நாம் பல நேரம் அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. கொசு என்று நினைத்தேன். கொசு இல்லை, செங்குன்றம்.

2000-ஆம் ஆண்டு. பி.காம். முடித்த கையோடு நானும் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் இருந்தேன். செங்குன்றத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு மூட்டை எண்ண அனுப்பினார்கள். ‘அட்டி மேல ஏறிப் பாரு. நடுவுல காலியா விட்டு அடுக்கியிருப்பாங்க’ என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போனேன். அட்டி கூரை வரைக்கும் இருந்தது. நான் போட்டிருந்தது புது வெள்ளைச் சட்டை. மில்காரர் காபியை நீட்டி, ‘‘மேல ஒரே தூசு தம்பி, எதுக்கு சிரமம்?’’ என்றார். எதுக்கு என்று எனக்கும் தோன்றியது. நீளத்தில் 12, அகலத்தில் 10, உயரத்தில் 14. பெருக்கினால் 1,680 மூட்டை. பச்சைப் பேனாவால் டிக் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நடுவில் மூட்டை இருந்ததா, காற்று இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆக, நேரில் போனவன் நான். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியவனும் நான். வீட்டை விட்டு வெளியே வராதவள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குத்தான் நான் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடிட் என்ற சொல், ‘கேட்பது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் கணக்கை வாசிப்பார், ஒருவர் காதால் கேட்டுச் சரிபார்ப்பார். காதிலிருந்து கண்ணுக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று. 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. பி.காம். படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேனேஜர் வருஷக்கணக்கில் சரக்கைக் கூட்டிக்கூட்டி எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர்கள் அதை அப்படியே நம்பினார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று சொல்லி கோர்ட் அவர்களை விட்டுவிட்டது.

1938-ல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து கம்பெனியின் குட்டு உடைந்தது. கனடா கோடவுன்களில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய மருந்துச் சரக்கு அங்கே இல்லவே இல்லை. ஆடிட்டர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், கோடவுனைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் சரக்கு எண்ணும் இடத்துக்கு ஆடிட்டர் நேரில் போக வேண்டும் என்பது அங்கே விதியானது. நம் நாட்டுத் தணிக்கைத் தரவிதியும், சரக்கு பெரிய தொகையாக இருந்தால் போய்ப் பார் என்றுதான் சொல்கிறது. போகவே முடியாத நிலை என்றால் வேறு வழியில் ஆதாரம் தேடலாம். ஆனால், ஆடிட்டருக்கு அசௌகரியமாக இருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது! (தூசும் வெள்ளைச் சட்டையும் இதில் அடக்கம் என்று நினைக்கிறேன்.)

சரி, நேரில் போனால் மட்டும் போதுமா? 1963-ல் நியூஜெர்சியில் நடந்ததைக் கேளுங்கள். சமையல் எண்ணெய் டேங்குகளைச் சோதிக்க ஆட்கள் நேரில்தான் போனார்கள். மேலே எண்ணெய், கீழே தண்ணீர். எண்ணெய் மிதக்கும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மேலாக முக்கிப் பார்த்தவர்களுக்கு எண்ணெய்தான் தெரிந்தது. அந்த எண்ணெயை நம்பிக் கடன் கொடுத்தவர்களுக்குக் கடைசியில் தண்ணீர்தான் மிஞ்சியது.

அப்படியானால் விஷயம் தூரத்தில் இல்லை. பார்த்தது வேறு, காட்டப்பட்டது வேறு. வீடியோவில் காட்டினாலும் சரி, காபி கொடுத்துக் காட்டினாலும் சரி, அடுத்தவர் காட்ட விரும்பியதை மட்டும் பார்த்துவிட்டு ‘பார்த்தேன்’ என்று எழுதினால், அந்த வார்த்தை நம்முடையது இல்லை. அவர் பேச்சுக்கு நாம் போடும் கையெழுத்து.

அந்த சீனியரை வில்லனாக்க எனக்கு மனசில்லை. ஊரே முடங்கிக் கிடந்த நேரம். அந்தப் படிவம் கொரோனாவை நினைத்துத் தயாரித்தது இல்லை. அவர் காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்லச் சொல்லவில்லை, வேலையை முடிக்கச் சொன்னார். ‘இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று அவர் கேட்டிருந்தால், அன்று ராத்திரி என்னிடமும் பதில் இல்லை.

இப்போது யோசித்தால் பதில் இருக்கிறது. அந்த டிக்கை நம்பி ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்தை நம்பி பேங்க் மேனேஜர் கடன் கொடுப்பார். மேனேஜரை நம்பி நீங்களும் நானும் அந்த பேங்கில் பணம் போட்டிருக்கிறோம். வரிசையில் நிற்கும் எல்லோரும், தனக்கு முன்னால் இருப்பவர் பார்த்திருப்பார் என்று நம்புகிறோம். யாராவது ஒருவர் நிஜமாகவே பார்த்திருக்க வேண்டும், இல்லையா? அந்த ஒருவரும் பார்க்கவில்லை என்றால், யாருமே பார்க்கவில்லை.

இது ஆடிட்டர் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செல்போனில் புது ஆப் போடும்போது ‘விதிமுறைகளைப் படித்தேன், சம்மதிக்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் போடுகிறோமே, என்றைக்காவது படித்திருக்கிறோமா? நண்பன் கேட்டான் என்று ஜாமீன் கையெழுத்து. சொந்தக்காரர் கேட்டார் என்று ‘தங்கமான பையன், எனக்கு நல்லாத் தெரியும்’ என்று கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை. ஆபீஸர்கள் ஒரிஜினலைத் திறந்தே பார்க்காமல் ‘உண்மை நகல்’ என்று பச்சை மையில் போட்டுக் கொடுத்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. மேலே ஏறிப் பார்க்கச் சோம்பல், அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவளுக்கு போன் செய்தேன். ‘‘நேத்து சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்மா. மாத்தாதே.’’

‘‘ராத்திரியே அனுப்பிட்டேனே மாமா.’’

எனக்குத் திக்கென்றது. ‘‘மாத்தியா?’’

‘‘மாத்தாமதான். நீங்க ரொம்ப வேகமா சொன்னீங்களா, சந்தேகம் வந்துடுச்சு.’’

சீனியர் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். (வீடியோவில் முகம் கொடுக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டேன். கேமராவை அணைத்துவிட்டாராம்.) பிறகு பெரிய ஆடிட்டரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘இப்படியே இருக்கட்டும். நிலைமை சரியானதும் ஓர் ஆளை நேரில் அனுப்புங்கள்.’ ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒருவர் போய்ப் பின் வரிசை வரைக்கும் எண்ணி, அதற்குப் பிறகு வந்த சரக்கையும் விற்ற சரக்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். மார்ச் 31 கணக்கு சரியாகவே இருந்தது.

‘பார்த்தாயா, வீண் பிடிவாதம்!’ என்று என் அக்கா சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுவரை அந்தக் கணக்கு சரியாக இருந்தது அதிர்ஷ்டம். ஒருவர் போய்ப் பார்த்த பிறகுதான் அது கணக்கு.

மாதக் கடைசியில் சர்ட்டிஃபிகேட்டும் வந்தது. ‘எங்கள் நேரடிக் கண்காணிப்பில் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்’ என்று போட்டிருந்தார்கள். ‘‘மாமா, இவங்க என்னை நேர்ல பார்த்ததே இல்லை!’’ என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பயோடேட்டாவில் அவள் ‘ஒரு மாதம், வீட்டிலிருந்தபடி’ என்றுதான் எழுதியிருக்கிறாள். கூடப் படித்தவர்கள் பலர் அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிட்டார்களாம்.

செங்குன்றம் கதையை ரொம்ப நாள் கழித்துத்தான் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘‘அந்த டிக் இன்னும் இருக்குமா மாமா?’’ என்றாள்.

‘‘அந்த ஃபைலை எப்பவோ எடைக்குப் போட்டிருப்பாங்க’’ என்றேன்.

இந்த முறை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். ஆனாலும் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இருவருக்குமே தெரிந்தது.