கண்ணாடி முன்னே ஒளிவு எதற்கு?

நம்முடைய தாங்கல்களில் பள்ளியறைக்குள் கண்ணாடி இருக்கிறது. முன்னே போய் நின்றால் நம் முகமே தெரிகிறது. அந்தக் கண்ணாடி முன்னே வந்து நின்றும், தன் முகத்தை மறைத்தே வாழ்ந்த ஒரு பிள்ளையைப் பற்றி இன்று சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தாங்கலுக்கு ஒரு இளைஞன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறமாட்டான். முற்றம் பெருக்குவான், தண்ணீர் கோருவான், உச்சிப்படிப்பில் ஓரமாக நின்று படிப்பான். முதல் நாளே நான் அவனிடம், "மக்கா, நீ எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டேன். வாய் ஊரைக் கேட்டது. மனம் கேட்டது சாதியை. அது அவனுக்கும் தெரிந்தது. அதனால் வேறு சாதி என்று நினைக்கும்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டான்.

அந்த ஒரு பொய்யைக் காக்க அவன் எத்தனை இழந்தான்! ஒருவரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை. பெற்ற தாயைத் தாங்கலுக்குக் கூட்டி வரவில்லை. சொந்தபந்தம் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போவான். இனிமம் வாங்கியதும் கிளம்பிவிடுவான். தலைக்கனம் பிடித்தவன் என்று சிலர் சொன்னார்கள். அவன் தகப்பனார் இறந்தபோதும் நமக்குச் சொல்லி அனுப்பவில்லை. பதினாறு கழிந்த பிறகுதான் செய்தி காதில் விழுந்தது. தோள் கொடுக்க இத்தனை பேர் இருந்தும் அவன் தனியே நின்று அழுதிருக்கிறான்.

நான் துக்கம் விசாரிக்கப் போனேன். அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான்: "அய்யா எங்களையும் ஏத்துக்கிடுவாரா?"

மக்களே, அந்தக் கேள்வி அய்யாவுக்கு அல்ல, எனக்கு.

திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது. சாதியை மறைக்க வழியே இல்லாமல் உடம்பிலேயே எழுதி வைத்த காலம் அது. அப்போதுதான் அய்யா நம்மைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொன்னார். ஒரே கிணற்றுத் தண்ணீரில் எல்லாரையும் குளிக்க வைத்தார், சேர்ந்து உண்ண வைத்தார். அய்யா வைகுண்டம் போனது 1851-ல். மேலாடை உரிமைக்கு அரசு உத்தரவு வந்தது 1859-ல். அத்தனை பாடுபட்டு நிமிர்ந்தவர்களின் பேரப்பிள்ளை நான், இன்னொருவனைக் குனிய வைத்தேன்.

ஒளிக்கிறவனைக் குறை சொல்லாதீர்கள். பயம் இருக்கும் இடத்தில்தான் ஒளிவு இருக்கும். அந்தப் பயத்தை உண்டாக்கினது யார் என்று கண்ணாடியைப் பாருங்கள். சாதி மட்டுமல்ல, தொழுநோய், மனநோய், சிறைக்குப் போன பழி என்று மறைத்து வைத்துக்கொண்டு நம் நடுவே எத்தனை பேர் இருக்கிறார்களோ! நோயை மறைக்கிறவன் மருந்தையும் இழக்கிறான், ஆறுதலையும் இழக்கிறான்.

ஆகவே வருகிறவனிடம் குலம் விசாரிக்காதீர்கள். அவனே மனம் திறக்கும் வரை தோண்டிக் கேட்காதீர்கள். சொன்னால் அதை ஊரெல்லாம் கொண்டு போகாதீர்கள். அவன் வீட்டுக்குப் போய், தந்ததைச் சாப்பிடுங்கள். இதுவும் பணிவிடைதான்.

அந்தத் தாய் இப்போது மகனோடு ஞாயிறுதோறும் வருகிறார். கண்ணாடியைப் பார்த்துக் கும்பிடுகிறார். நாமம் சாத்தும்போது என் கைதான் இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது.

தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையை அய்யா பொறுத்தருள வேண்டும்.

அய்யா உண்டு!