வழுவாவரமும் மனச்சான்றும்

உரோமாபுரிப் பாப்பரசர் பாவமே செய்யார், அவர் வாய்ச்சொல் யாவும் பிழையற்றது என்பதே கத்தோலிக்கர் கொள்கையென்று பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது அவர் கொள்கையன்று. பிறர் கொள்கையை உள்ளவாறறியாது மறுத்தல் அறிஞர்க்கு அழகன்றாதலின், முதற்கண் அதனைக் கூறுவாம்.

1870 ஆம் ஆண்டு யூலை மாதம் 18 ஆந் திகதி வத்திக்கான் சங்கத்தார் செய்த தீர்ப்பாவது: பாப்பரசர் கிறித்தவரனைவர்க்கும் மேய்ப்பரும் ஆசிரியருமாயிருந்து, விசுவாசத்தையேனும் ஒழுக்கத்தையேனும் பற்றி, திருச்சபை முழுவதும் கைக்கொள்ளற்பாலதென ஒன்றை வரையறுக்குமிடத்து வழுவார் என்பதே. ஏனைய இடங்களில் அவர் பிழைபடலாம், பாவமுஞ் செய்யலாம். அத்தீர்ப்பின்பின் இவ்வதிகாரம் ஐயமற வழங்கப்பட்டது ஒருமுறையே; மரியாள் ஆன்மாவோடும் உடலோடும் விண்ணுலகெய்தினாரெனப் பன்னிரண்டாம் பியுஸ் 1950 இல் வரையறுத்தார்.

இவ்வரம் உண்டோ இன்றோ என்பது ஈண்டு நமது ஆராய்ச்சியன்று. தான் உண்மையென்று கண்டதற்கு மாறாகத் தான் தாயெனப் போற்றுஞ் சபை தீர்ப்புக் கூறுமாயின், நேர்மையுடையானொருவன் செய்யத்தக்கது யாது? இவ்விடுக்கண் செர்மனி தேசத்து இருவர்க்கு நேர்ந்தது.

ஒருவர் ஹெபேலே என்னும் மேற்றிராணியார். சங்கங்களின் சரித்திரத்தை எழுதிய பேரறிஞர். ஏழாம் நூற்றாண்டிலிருந்த ஓனோரியுஸ் என்னும் பாப்பரசரைக் கொன்ஸ்தாந்திநோப்பிளிற் கூடிய சங்கம் 681 இற் பதிதரெனக் கண்டித்ததை எடுத்துக்காட்டி, இவர் அக்கொள்கையை எதிர்த்தார். யூலை 13 இல் இசையோமென்ற 88 பேருள் இவரும் ஒருவர். அவருட் பெரும்பாலார் பாப்பரசர் முன்னிலையில் மறுத்தற்கஞ்சியோ நாணியோ ஊர் திரும்பினர். ஆகவே 18 ஆந் திகதி இசைந்தோர் 533 பேர், மறுத்தோர் இருவரே. 1871 ஏப்பிரிலில் ஹெபேலே அத்தீர்ப்பைத் தம் மறைமாவட்டத்திற் பிரசித்தஞ் செய்தார்.

அவரைக் கோழையெனல் நமக்கெளிது. பிளவுபட்ட மந்தையின் துன்பத்தைச் சுமப்பார் நாமல்லேம். ஆயினும், நாவை அடக்குதல் வேறு, உள்ளம் இசைதல் வேறு. ஆணையினால் நா அடங்கும், உள்ளம் இசையுமோ? நோயாளி வைத்தியனை நம்புமாறுபோல நம்புதலும் அறிவின்பாற்பட்டதேயென்பர் அத்தீர்ப்பையுடையார். நன்று, வைத்தியன் பிழை நோயாளியின் உடம்பிலே தோன்றிவிடும். ஈண்டுப் பிழையைக் காட்டவல்லது சரித்திரமேயாக, அதுவும் தீர்ப்பின் முன் வாய்மூடவேண்டுமெனின், நம்பிக்கையைச் சோதித்தற்கு எஞ்சியது யாது?

மற்றவர் மியூனிச்சிலிருந்த டொலிங்கர் என்னும் முதிய குரு. கிறித்தவனாகவும் சரித்திரமறிந்தவனாகவும் ஏற்கமாட்டேனென்று விடையெழுதி, அதே ஏப்பிரிலிற் சபையினின்றும் விலக்கப்பட்டார். அப்போது அவர்க்கு வயது 72. தீர்ப்பை ஏலாத அவர், தம்மேல் விதித்த தண்டம் அநீதியென்று கருதியும், பலிபூசை செய்தலை நிறுத்திக்கொண்டார்; 1890 இல் இறக்குமட்டும் ஒப்புரவாகவுமில்லை.