திரையும் அருள்தான்

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் அலங்காரத்துக்காகத் திரை போட்டிருந்தார்கள். "சாமி ஏன் தாத்தா ஒளியுது?" என்றாள் பேத்தி.

முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். அந்தக் கதிருக்குத் திரையாக அணிந்த ஈய அங்கியின் கனம் தோளில் இன்னும் இருக்கிறது. விண்ணிலிருந்தும் எக்ஸ்ரே வருகிறது. காற்றுமண்டலம் அதைத் தரைக்கு விடுவதில்லை. அதனால்தான் டாட்டா ஆய்வுக்கழகத்தார் 1968இல் ஹைதராபாத்திலிருந்து பலூனில் கருவி அனுப்பினார்கள். பின்னாளில் கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் சில கிலோ எடைக் கருவியையே சுமார் 40 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றியது.

காற்றுமண்டலம் என்னும் அந்தத் திரை இல்லையேல் நாம் இல்லை. மறைத்தலையும் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றாக, அருளாகவே சொல்கிறது சைவ சித்தாந்தம். அப்படியானால் எட்டிப் பார்ப்பது பிழையா? பலூன் திரையைக் கிழிப்பதில்லையே, ஏறி நின்றுதானே பார்க்கிறது!

மணி அடித்தது. "தூக்கு தாத்தா" என்றாள். தோளில் ஏற்றிக்கொண்டேன்.