முன்பின் அறியாதாரிடம் வேண்டும் பொறுத்தல்

பாத்ரபத மாதத்துச் சுக்கில பஞ்சமியில் தொடங்கும் தசலட்சண பருவத்தின் முதல் நாள் உத்தம பொறுமைக்கு உரியது. பருவம் நிறைந்தபின் வரும் க்ஷமாவாணி நாளில் உற்றாரையும் ஊராரையும் அணுகிப் பொறுத்தருள வேண்டுகிறோம். உறவினரிடையே பிணக்கு நேர்ந்தால் அதனைத் தீர்க்கத் திருமணமும் திருவிழாவும் பெரியோர் சொல்லும் துணை நிற்கின்றன. ஆனால் பெயரும் ஊரும் அறியாத ஒருவரிடம் சினந்து பேசிவிட்டால், அவருக்கு நாம் பட்ட கடன் யாது? அதனை அடைப்பது எங்ஙனம்?

நாள்தோறும் காணும் நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வந்தவாசி வண்டி வந்து நிற்கிறது. ஒருவர் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார். படிவழியே முன்னதாக ஏறிய மற்றொருவர் அத்துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு அமர்கிறார். இருக்கையைப் பற்றித் தொடங்கிய பேச்சு, சிறிது நேரத்தில் இருக்கையை மறந்து, வயதையும் வளர்ப்பையும் இகழ்வதாக மாறுகிறது. நடத்துநர் ஒருவருக்குப் பின் வரிசையில் இடம் தந்து அமைதிப்படுத்துகிறார். வழக்குத் தீர்ந்தது. சொன்ன சொல்லோ தீரவில்லை.

இத்தகைய வேளையில் மனம் மூன்று சமாதானங்களைத் தேடிக்கொள்ளும். தவறு அவருடையது என்பது முதலாவது. அவரை இனிக் காணப்போவதில்லை என்பது இரண்டாவது. எல்லா உயிர்களிடமும் நாம்தான் பிரதிக்கிரமணத்தில் பொறுத்தல் வேண்டுகிறோமே என்பது மூன்றாவது.

முதலாவதை ஆராய்வோம். இருக்கை யாருக்கு உரியது என்பது ஒரு வினா. கடுஞ்சொல் தக்கதா என்பது வேறொரு வினா. முன்னதில் வென்றவர் பின்னதிலும் வென்றவர் ஆகார். கஷாய வயப்பட்ட செயலால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அவ்வாறு சினந்தவன் முதலில் ஊறு செய்வது தன் ஆன்மாவுக்கே என்று ஆசாரியர்கள் விளக்குவர். எனவே நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வினை நம்மைச் சேராது ஒழியாது.

இரண்டாவது சமாதானம் இன்னும் வலுவற்றது. வீட்டாரிடம் சொன்ன ஒரு கடுஞ்சொல், அவர்களுக்கு நாம் செய்த ஆயிரம் நன்மைகளுக்கு நடுவே நிற்கிறது. அவர்கள் நம் பிற குணங்களை அறிவர். முன்பின் அறியாதாரோ நம்மைப் பற்றி அறிந்தது அந்த ஒரு சொல்லை மட்டுமே. ஈடுசெய்ய வேறு எதுவும் நாம் அவருக்குத் தந்ததில்லை. ஆகவே அறியாதார்க்குப் பட்ட கடன் சிறிதன்று, பெரிது.

மூன்றாவதும் நில்லாது. அனைத்துயிர்களிடமும் பொறுத்தல் வேண்டுவது உயர்ந்ததே. எனினும் முகமில்லாத பலரிடம் வேண்டுவது எளிது. முன்னே அமர்ந்துள்ள ஒருவரிடம் வேண்டுவது அரிது. நவவிதப் பிராயச்சித்தங்களுள் முதலாவது ஆலோசனை. அது குற்றத்தை மறையாது எடுத்துரைத்தல். பொதுவாகச் சொல்லிக் குறிப்பாக மறைப்பது மாயை ஆகும்.

சினத்தை நீர்மேற் கோடு, புழுதிக் கோடு, நிலப்பிளவு, கற்பிளவு என நான்காக வகுப்பர். நீர்க்கோட்டுச் சினத்தின் பதிவு ஓர் அந்தர்முகூர்த்தத்தில், அதாவது 48 நிமிடத்திற்குள், நீங்கும். புழுதிக் கோட்டினது ஒரு பட்சத்தையும், நிலப்பிளவினது ஆறு திங்களையும் எட்டும். கற்பிளவோ பிறவி கடந்தும் தொடரும். அப்பேருந்துப் பயணம் முடியுமுன் எழுந்து சென்று, "ஐயா, சற்று முன் கடுமையாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றால் போதும். "ஆனால் நீங்களும்" என்று ஒரு சொல் கூட்டினால் அது மீண்டும் வழக்காகிவிடும்.

அவர் முகம் திருப்பிக்கொண்டால்? மருபூதி தன் தமையன் கமடனிடம் பொறுத்தல் வேண்டிப் பணிந்தபோது, தலைமீது கல் வீழ்ந்தது. கமடன் அப்பகையைப் பல பிறவிகள் சுமந்தான். மருபூதியின் உயிரோ படிப்படியாக உயர்ந்து பார்சுவநாத பகவானாயிற்று. முடிவில் கமடனின் உயிரும் பகை துறந்து அவரையே பணிந்தது. பொறுத்தல் வேண்டுவது நம் கடமை; தருவதும் தராததும் அவர் உரிமை. வேண்டியவுடன் தரவேண்டும் என எதிர்பார்ப்பது மானத்தின் மற்றொரு வடிவமே.

அவர் இறங்கிப் போய்விட்டால், பெரியோர் முன் குற்றத்தை உரைத்து, இனி அறியாதாரிடம் நாவைக் காப்பதென்று உறுதி கொள்ளலாம். அடுத்து ஏறும் முதியவர்க்கு இடம் தரலாம். அது பழைய கடனை முற்றும் அடைக்காது. புதிய கடன் ஏறாமல் காக்கும்.

க்ஷமாவாணி ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறது. பேருந்தோ நாள்தோறும் வருகிறது. உத்தம பொறுமை எங்கே சோதிக்கப்படுகிறது என்பதைச் சிந்திப்போமாக.