பத்திரிகை போகாத வீடு



பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள். ஒரு வீட்டில் பேரப்பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்து, இன்னொரு வீட்டில் கல்யாணம், அடுத்த தெருவில் அறுபதாம் கல்யாணம். பிழைக்கப் போன ஊரில் மண்டபம் கிடைக்காமலா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? குலதெய்வம் இங்கே இருக்கிறது. மடியில் உட்கார்த்திக்கொள்ளத் தாய்மாமன் இங்கே இருக்கிறார். பங்காளிகள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நடந்தால்தான் அது விசேஷம்.

ஆகவே, விசேஷத்துக்காகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய இருவரைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன். ஒருவர் பெண், மற்றவர் பிள்ளை. இரண்டும் நடந்ததாகச் சொல்லப்படும் தலங்கள் நம்முடைய மயிலாடுதுறை மாவட்டத்திலேயே இருக்கின்றன.

செம்பனார்கோயிலுக்குப் பக்கத்தில் கீழப்பரசலூர். பழைய பெயர் திருப்பறியலூர், அட்ட வீரட்டானங்களில் ஒன்று. தட்சன் வேள்வி செய்த இடம். பிரம்மா வந்தார், இந்திரன் வந்தான், சூரியர்கள் வந்தார்கள். இருபத்தேழு பெண்களைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை சந்திரனும் வந்தான். சிவபெருமானுக்கு மட்டும் அழைப்பு இல்லை, அவிர்பாகமும் இல்லை. இது தகாது என்று ததீசி முனிவர் எடுத்துச் சொல்லியும் தட்சன் கேட்கவில்லை.

தட்சனின் மகளும் சிவபெருமானின் துணைவியுமான தாட்சாயணி புறப்பட்டாள். அழைக்காத வீட்டுக்கு ஏன் போனாள் என்று சிலர் கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்கள் பெண்ணைப் பெறாதவர்களாக இருக்க வேண்டும். பிறந்த வீட்டில் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்த பிறகு எந்தப் பெண்ணுக்குக் கால் நிற்கும்? அப்பா மறந்திருப்பார், நேரில் பார்த்தால் மனம் இளகும் என்றுதான் போனாள். வாசலில் வா என்று சொல்ல ஆள் இல்லை. அக்கா தங்கைகள் அத்தனை பேருக்கும் கிடைத்த மரியாதை இவளுக்குக் கிடைக்கவில்லை. பெற்றவன் சபை நடுவே அவள் கணவரை இழித்துப் பேசினான். பிறகு சிவபெருமான் அனுப்பிய வீரபத்திரர் வந்ததும், வேள்விச்சாலை அழிந்ததும், தட்சன் தலை போனதும் உங்களுக்குத் தெரியும். சொற்பொழிவு செய்கிறவர்கள் அந்தப் போரைத்தான் விரித்துச் சொல்வார்கள். எனக்கோ, வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் மனத்தை விட்டுப் போவதில்லை.

அந்த வேள்வியில் நெய் குறைந்ததா? மந்திரம் பிழைத்ததா? ஒன்றும் இல்லை. ஒரே ஓர் ஆளை அழைக்கவில்லை. தட்சன் ஆட்டுத் தலையோடு எழுந்தான். அவனோடு முடிந்ததா? சூரியர்களில் ஒருவனுக்குப் பல் உதிர்ந்தது, இன்னொருவனுக்குக் கண் போயிற்று. அவர்கள் விருந்தாளிகளாக வந்தவர்கள்தான். ஆனாலும் ஒருவரை ஒதுக்கிய பந்தி என்று தெரிந்தே உட்கார்ந்தார்கள். அந்தப் பாவத்தில் அவர்களுக்கும் பங்கு போய்ச் சேர்ந்தது.

இனி இன்னொரு வீட்டு விசேஷத்துக்கு வருவோம்.

மூன்று வயதில் உமையம்மையின் ஞானப்பால் உண்ட சம்பந்தப் பிள்ளை, ஊர் ஊராகத் தலங்களை வணங்கிவிட்டுச் சீகாழிக்குத் திரும்புகிறார். வயது 16. தகப்பனார் சிவபாத இருதயரும் உறவினர்களும் சுற்றி உட்கார்ந்து, கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். பிள்ளை முதலில் இசையவில்லை. பெரியவர்கள் விடவில்லை. கடைசியில் சரி என்கிறார். நல்லூரில் நம்பாண்டார் நம்பியின் மகளைப் பேசி முடிக்கிறார்கள். ஊர்கள்தோறும் மண ஓலை போகிறது.

யார் யார் வந்தார்கள் என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் அழகாகச் சொல்கிறார். திருப்புகலூரிலிருந்து முருக நாயனார் வந்தார். யாழ் மீட்டும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வந்தார். சடங்கை நடத்தியவர் சாத்தமங்கைத் திருநீலநக்கர். இந்த நீலநக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவலிங்கத்தின்மேல் விழுந்த சிலந்தியை மனைவி பதறிப்போய் வாயால் ஊதி விலக்க, எச்சில் பட்டது, ஆசாரம் கெட்டது என்று அவளையே விலக்கியவர் அவர். அன்றிரவு இறைவன் கனவில் வந்து, அவள் ஊதிய இடம் போக மற்ற இடமெல்லாம் கொப்புளமாக இருப்பதைக் காட்டினான். பின்னொரு நாள் சம்பந்தர் அவர் வீட்டில் தங்கினார். கூட வந்த பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் இரவு தங்க இடம் கொடுங்கள் என்றார். பாணர் குலத்தவரை வீட்டுக்குள் சேர்க்காத காலம். நீலநக்கர் எங்கே இடம் கொடுத்தார் தெரியுமா? திண்ணையில் இல்லை, கொல்லையில் இல்லை. வீட்டு நடுவில், வேதித் தீ வளர்த்த இடத்துக்குப் பக்கத்தில் கொடுத்தார். அந்தத் தீ அணையவில்லை, வலமாகச் சுழித்து ஓங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார். அக்கினி தேவனுக்கு இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது?

கல்யாணம் முடிந்தது. கோயிலில் பெருஞ்சோதி எழுந்தது, அதிலே ஒரு வாயிலும் தெரிந்தது. நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய சம்பந்தர், வந்தவர்கள் எல்லாரும் உள்ளே புகுங்கள் என்றார். நாயன்மார்கள் புகுந்தார்கள், பெற்றோர் புகுந்தார்கள், மாமனார் வீட்டார் புகுந்தார்கள். அதோடு நிற்கவில்லை. முத்துச் சிவிகை சுமந்து வந்தவர்களும், ஏவல் செய்ய வந்தவர்களும் புகுந்தார்கள். எல்லாரும் போன பிறகுதான் மணமகளின் கையைப் பற்றிச் சோதியை வலம்வந்து மாப்பிள்ளை உள்ளே போனார். பல்லக்குத் தூக்க வந்தவனுக்கும் முத்தி கிடைத்த கல்யாணம் அது. நல்லூர்ப் பெருமணம் என்ற அந்த ஊர் இப்போது கொள்ளிடம் பக்கத்தில் ஆச்சாள்புரம். வைகாசி மூலத்தன்று அந்தத் திருமணத்தை இன்றும் விழாவாக நடத்துகிறார்கள். ஊருக்கு வந்திருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள்.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். முதல் பத்திரிகையின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவிக் குலதெய்வத்தின் காலடியில் வைக்கிறோம். பிறகு தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியுமாக வீடு வீடாகப் போகிறோம். மூன்றாவது வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம். அது சித்தப்பா வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வரப்புத் தகராறு. விசேஷத்தன்று விடியற்காலை நாலு மணிக்கே ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஆரம்பிக்கிறது. அந்த வீட்டுக்கு மட்டும் கேட்காமல் இருக்குமா? அண்ணன் மகனை இடுப்பில் தூக்கி வளர்த்த சித்தி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நகரத்தில் பிறந்த உங்கள் பிள்ளை, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறான். யாரோ என்கிறீர்கள். தாத்தாவின் தம்பியை யாரோ என்று சொல்லிக் கொடுத்த பிறகு எந்தக் குலத்துக்கு அது குலதெய்வம்? அந்தச் சாமிக்கு அவரும் பிள்ளைதானே?

அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களை அழைக்கவில்லையே என்பீர்கள். இருக்கட்டும். போய்ப் பத்திரிகை வைத்தும் அவர் வராமல் இருக்கலாம். வருவதும் வராததும் அவர் மனம். வைப்பது உங்கள் கடமை. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கழித்துவிடாதீர்கள். காரை எடுக்காமல் நடந்தே போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. பறை அடிக்க வந்தவரும் பாத்திரம் கழுவ வந்த அம்மாவும் பந்தலுக்கு வெளியே நின்று பொட்டலத்தில் சோறு வாங்கிக்கொண்டு போவதை இன்னும் பல ஊர்களில் பார்க்கிறேன். பாணருக்கு வேதிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்த நாயனாரைக் கும்பிடுகிற நாம் அதைச் செய்யக் கூடாது. அவர்களையும் உள்ளே உட்கார வைத்து, உறவினருக்குப் போடுகிற அதே பந்தியில் இலை போடுங்கள்.

உங்கள் விசேஷத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பத்திரிகையும் வீட்டில் மிச்சம் இருக்கும். நாளைக் காலையில் குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, முதலில் அந்த மூன்றாவது வீட்டுக்குப் போங்கள்.

திருச்சிற்றம்பலம்.