எஞ்சியிருக்கும் உரிமை

கடந்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, தாம்பரத்தைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். "இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், சாமி. ஐந்து பேப்பர் அரியர். ராத்திரி இரண்டு மணிவரை செல்போன்தான். இது பாவம் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்று கலங்கினார். மகன் தலைகுனிந்தவாறே, "விட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஃபாதர். முடியவில்லை" என்றான்.

தன் விருப்பத்திற்கு மாறாகத் தானே செய்யும் செயலுக்கு மனிதன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி? உரோமையர் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் புனித பவுலை வாட்டிய கேள்வியும் இதுவே.

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து, கடை தேடிச் செல்ல வேண்டும். இன்று அது தலையணைக்கடியில் உறங்குகிறது. 2006இல் ஏசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், முடிவின்றி நீளும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பக்கம் முடியும் இடமே "போதும்" என்று மனம் சொல்லும் இடம். அவ்விடமே அகற்றப்பட்டுவிட்டது.

மருத்துவ உலகும் இதைக் கண்டுகொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. கட்டுப்பாட்டை இழந்து, கேடு தெரிந்தும் தொடரும் மின்விளையாட்டுப் பழக்கத்தை, உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சேர்த்தது. எனவே "சோம்பேறி" என்று ஏசிவிட்டு நாம் விலகிவிட இயலாது.

ஆயினும் நோய் என்ற சொல்லோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், துறவியரைத் தாக்கும் நண்பகற் சோர்வைப் பற்றி எழுதினார். அச்சோர்வுக்கு ஆளான துறவி கதிரவனைப் பார்ப்பார், சன்னலைப் பார்ப்பார். அறையை விட்டு ஓட வழி தேடுவார். கண்முன் நிற்கும் கடினமான கடமையிலிருந்து ஓடுவதே அதன் இயல்பு.

"இது எப்போது தொடங்கியது?" என்று அம்மகனிடம் கேட்டேன். முதலாண்டில் கணிதத்தில் தோற்ற பிறகு என்றான். புத்தகத்தைத் திறந்தால் அச்சம். திரையைத் திறந்தால் அச்சம் மறையும். தோல்வி திரைக்குத் துரத்தியது. திரை மீண்டும் தோல்விக்குத் துரத்தியது.

அறிவை நாடும் ஆவலையும் தன்னடக்கத்தால் நெறிப்படுத்த வேண்டும் என்பது புனித தோமா அக்குவினாவின் போதனை. அதை எண்ணிச் சொன்னேன்: "தம்பி, முதன்முறை கைநீட்டியபோது உனக்கு முழு உரிமை இருந்தது. இன்று அது குறைந்துவிட்டது. அந்த அளவுக்கு உன் குற்றமும் குறைவே. ஆனால் ஓர் உரிமை இன்னும் எஞ்சியிருக்கிறது. அது உதவி கேட்கும் உரிமை. அதையும் பயன்படுத்த மறுத்தால், அந்த மறுப்புக்கு நீ பொறுப்பாளி."

தாயிடம், "அம்மா, உதவி கேட்கிற பிள்ளையை ஏசாதிருப்பது நம் பொறுப்பு" என்றேன். என் நிலையையும் மறைக்கவில்லை. திருப்புகழ்மாலை செபிக்கக் கைப்பேசியைத் திறந்து, அரைமணி நேரம் எதையெதையோ பார்த்திருந்த மாலைகள் எனக்கும் உண்டு. இப்போது அச்சிட்ட நூலுக்கே திரும்பிவிட்டேன்.

அம்மகன் மனநல ஆலோசகர் ஒருவரைச் சந்தித்து வருகிறான். இரவில் கைப்பேசி தாயின் அறையில் இருக்கிறது. இரண்டு பாடங்களில் தேறிவிட்டான், மூன்று எஞ்சியுள்ளன. "சில நாள் தோற்றுப்போகிறேன், ஃபாதர். ஆனால் மறைப்பதில்லை" என்றான் அண்மையில். மீட்பு அந்த மறைக்காமையில் தொடங்குகிறது என நம்புகிறேன்.